ஒப்பாரி இல்லாத களம்

எம்மிடம் உயர்தரம் பயின்று, இப்பொழுது கொழும்பில் கணினித் தொழில் பார்க்கும் மாணவன் ஒருவன் சென்ற டிசம்பர் விடுமுறையில் தோட்டத்திற்கு வந்திருந்தான். கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றின் ஓரத்திலே உள்ளது எமது பாடசாலை. அன்று காலை முதலே மழை; பால்வெட்டு இல்லை. விடுமுறை வகுப்புக்கு வந்த பத்தாந்தரப் பிள்ளைகள் பாடம் முடிந்தும் வீடு திரும்ப வழியின்றி வகுப்பறையிலேயே இருந்தனர். பழைய மாணவன் தன் மடிக்கணினியை மேசைமீது வைத்துத் திறந்தான். ஐந்து நிமிடத்தில் எமது வகுப்பு கொட்டகையாகிவிட்டது.

அவன் காட்டியது கணினி விளையாட்டு ஒன்றின் டெமோ. விலை கொடுத்து வாங்குமுன் இலவசமாக ஆடிப் பார்ப்பதற்கென வெளியிடப்படும் சிறு பகுதிக்கு இளைஞர் வழங்கும் பெயர் அது. ஆட்டத்தின் பெயர் 'ராஜி: அன் ஏன்ஷியன்ட் எபிக்'. இந்தியாவின் புனே நகரிலுள்ள 'நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்' என்ற சிறு குழுவினர் ஆக்கியது. 2017 ஆம் ஆண்டில் அவர்கள் இணையவழியே பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்றபோது இந்த முன்னோட்டத்தை வெளியிட்டனர். நிதி முயற்சி இலக்கை எட்டவில்லை. ஆயினும் அவர்கள் விடாது உழைத்து 2020 ஆம் ஆண்டில் முழு ஆட்டத்தையும் வெளியிட்டனர். எம் கண்ணில் பட்டது பழைய முன்னோட்டமே. முழு ஆட்டத்தை நாம் ஆடவில்லை. இக்கட்டுரை அதற்கு மதிப்புரையும் அன்று.

கதை எளிது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தேவரோடு பொருது தோற்ற அசுரர் பழிதீர்க்க மீண்டும் மனிதருலகின்மீது படையெடுக்கின்றனர். ராஜி என்ற சிறுமியின் தம்பி கோலு கவர்ந்து செல்லப்படுகிறான். பெற்றோரற்றவள், கழைக்கூத்தாடிப் பிழைப்பவள். அவள் கையிலே திரிசூலத்தைத் தந்து தெய்வங்கள் களத்துக்கு அனுப்புகின்றன. அவள் சுவரில் ஓடுகிறாள். தூணிலே தாவி ஏறுகிறாள். எதிர்ப்படும் அசுரரை வீழ்த்துகிறாள். துர்க்கையும் திருமாலும் மறைவிலிருந்து அவளைப் பற்றி உரையாடுகின்றனர், ஆங்கிலத்தில்! "துர்க்கையம்மன் ஏன் சேர் இங்கிலீசு பேசுது?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். எம்மிடம் விடை இல்லை. (அம்மனுக்கு ஆங்கிலம் வந்த அளவு எமது தோட்டப் பாடசாலைகளுக்கு இன்னும் வந்தபாடில்லை என்பது வேறு கதை.)

முதலில் ஒன்றை ஒளிக்காமற் சொல்லிவிட வேண்டும். அந்தக் காட்சி அழகாக இருந்தது. இராசத்தானத்துக் கோட்டைகளை நினைவூட்டும் மண்டபங்களும், சுவரெங்கும் தெய்வக் கதைகளைத் தீட்டிய ஓவியங்களும், நடுவே ஒரு புள்ளியாய் அசையும் அச்சிறுமியும் எமது பிள்ளைகளை வாயடைக்கச் செய்தன. அவர்களது கைத்தொலைபேசிகளில் ஓடும் துப்பாக்கி ஆட்டங்களில் இத்தகைய முகம் இல்லை. எமது பெண்பிள்ளைகள் வழக்கமாக ஆண்பிள்ளைகளின் தோளுக்குப் பின்னே நின்று எட்டிப் பார்ப்பவர்கள். அன்று ஒருத்தி முன்னே வந்து, "நான் ஆடுறேன்" என்றாள். கழைக்கூத்தாடிப் பெண் நாயகியானதன் பயன் அது. புனேக் குழுவினருக்கு அதற்காக நன்றி கூறுகிறோம்.

பின்னர் எம்மையும் விடவில்லை. "சேர், நீங்களும் ஒரு தடவ அடிச்சுப் பாருங்க." ஆடினோம். மூன்று முறை வீழ்ந்தோம். நான்காம் முறை விரல்கள் பழகின. சூலம் சுழன்றது; அசுரர் சரிந்தனர்; சரிந்த உடல் சற்று நேரத்தில் திரையினின்று மறைந்தது; அடுத்தவன் வந்தான். சுற்றி நின்ற பிள்ளைகள் ஆரவாரித்தனர். எமக்கும் உள்ளம் துள்ளியது. முப்பது வயதைக் கடந்த, சங்க இலக்கியம் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்க்கு அத்துள்ளல் தகுமா என்று கேட்பவர்கள் தாமும் ஒருமுறை ஆடிப் பார்த்தபின் கேட்க வேண்டுகிறோம்.

ஆட்டம் முடிந்ததும் கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "மொத்தம் எத்தன பேர் சேர்?"

அந்தப் 'பேர்' என்ற சொல் எம் மனத்திலே தைத்துக்கொண்டது. தோட்டத்திலே பேர் என்றால் நாள் வேலை. முழு நாள் உழைத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். பெயரைக் கேட்டு அழைப்பதற்கன்று, கணக்கிலே புள்ளியிடுவதற்கே எம்மவர்க்குப் பேர் பயன்பட்டது. வீழ்ந்த அசுரரையும் நாம் அப்படித்தான் எண்ணினோம். எத்தனை பேர் என்று சொல்ல முடிந்தது. அவர்களில் ஒருவனது பெயரும் எமக்குத் தெரியாது. முழுக்கதையில் அசுரர் தலைவனுக்கு மகாபலாசுரன் என்று பெயர் உண்டு என்றான் பழைய மாணவன். தலைவர்க்குப் பெயரும் தொண்டர்க்குத் தொகையும் என்பது ஆட்டத்தில் மட்டும் உள்ள வழக்கமா என்ன?

இங்கே வாசகர், 'வன்முறை ஆட்டங்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன' என்ற பழகிய குற்றச்சாட்டை எதிர்பார்க்கலாம். அதைச் சொல்ல நாம் வரவில்லை. அக்குற்றச்சாட்டின் அடிப்படையில் கலிபோர்னியா மாநிலம் இயற்றிய விற்பனைத் தடைச் சட்டத்தை 2011 ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதென ஒதுக்கியது. இவ்வாட்டங்களை வன்செயல்களுக்குக் காரணமெனக் கூறப் போதிய ஆதாரம் இல்லையென்று அந்நாட்டு உளவியலாளர் சங்கமும் 2020 ஆம் ஆண்டில் அறிவித்தது. இவையெல்லாம் எமக்கு வேண்டியதுமில்லை. 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளில் சப்ரகமுவத் தோட்டங்களின் லயங்களுக்குத் தீ வைத்தவர்கள் எந்தக் கணினி விளையாட்டையும் கண்டவர்களல்லர். அவர்களுக்கு அந்தப் பயிற்சி வேறெங்கோ கிடைத்திருந்தது.

எமது கேள்வி வேறு. விளையாட்டிலே கொல்வது கொலையன்று, எவரும் சாகவில்லை, எவர்க்கும் வலிக்கவில்லை. அப்படியாயின் அதிலே அறம் பற்றிக் கேட்க இடமே இல்லையா? ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட் விலங்குகளைப் பற்றிப் பேசும்போது ஒரு வழி காட்டினார். விலங்கை வதைப்பவன் தன்னுள்ளே இருக்கும் இரக்கத்தைத் தேய்த்துக்கொள்கிறான். அது நாளை மனிதரிடத்தும் குறையும் என்றார். விலங்குக்கு வலிக்கிறதென்பதை அவர் போதிய அளவு எண்ணவில்லை என்பது எமது கருத்து. ஆனால் வலியே இல்லாத பொம்மைக்கு அவர் வாதம் நன்கு பொருந்துகிறது. கேட்க வேண்டியது அடிபடுபவனைப் பற்றியதன்று, அடிக்கும்போது எம்முள்ளே எது உறங்கப் பழகுகிறது என்பதே.

டெமோ என்ற வடிவம் இக்கேள்வியைக் கூர்மையாக்குகிறது. 1993 டிசம்பரில் 'டூம்' என்ற அமெரிக்க ஆட்டம் வெளிவந்தபோது அதன் முதற் பாகத்தை எவரும் இலவசமாகப் படியெடுத்துப் பரப்பலாம் என்று விட்டனர். எஞ்சிய பாகங்களுக்கு விலை. அம்முறை பெருவெற்றி கண்டது. அன்று முதல் இலவசப் பகுதிக்கு ஒரே கடமை: சில நிமிடங்களுக்குள் ஆடுபவன் கையிலே இன்பத்தை ஏற்றிவிட வேண்டும். கதைக்கு நேரமில்லை, காரணத்துக்கு நேரமில்லை. எல்லாவற்றையும் வடித்து இறுத்தபின் எஞ்சுவது வீச்சும் வீழ்ச்சியும். ஆகவே ஓர் ஆட்டம் தன் உயிர் எதுவெனக் கருதுகிறதோ அதை அதன் முன்னோட்டமே மறைக்காது சொல்லிவிடுகிறது. (தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணி எமது பாட்டன்மாருக்குக் காட்டியதும் ஒருவகை முன்னோட்டந்தான். கூடவே முன்பணமும் கொடுத்தான். மீதியை வாங்கியே தீர வேண்டிய ஆட்டம் அது.)

அரிஸ்டாட்டில் துன்பியல் நாடகத்தைப் பற்றிக் கூறுகையில் அச்சம், இரக்கம் என்னும் இரண்டையும் இணைத்தே கூறினார். இந்த முன்னோட்டத்தில் அச்சம் உண்டு. இரக்கத்துக்கு வாயில் அடைத்திருக்கிறது. வீழ்ந்தவனைச் சுற்றி அழ எவருமில்லை. அவனுக்குத் தாயில்லை, தங்கையில்லை, ஊரில்லை. உடலும் தங்காது மறைந்துவிடுவதால் அடக்கம் செய்யும் கவலையுமில்லை. எமது பல்கலைக்கழக வகுப்பிலே கற்றவை அப்போது நினைவுக்கு வந்தன. ஆயிரம் யானைகளைப் போரிலே கொன்ற வீரனைப் பாடுவது பரணி என்பது பாட்டியல் மரபு. பிணத்தையும் பேயையும் இத்துணைக் களிப்போடு பாடும் இலக்கியம் வேறில்லை. அந்தப் பரணிகூடத் தோற்றவர் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொள்கிறது. செயங்கொண்டார் பாடியது குலோத்துங்கனின் வெற்றியை. நூலின் பெயரோ கலிங்கத்துப்பரணி. வென்றவன் புகழுக்காகவே அம்மரபு எழுந்தது என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் தோற்றவனுக்குப் பெயராவது மிஞ்சியது. கம்பனோ இன்னும் ஒருபடி மேலே போய், இராவணன் உடல்மீது மண்டோதரியை விழுந்து புலம்ப வைத்தான். பாரதத்திலே போர் முடிந்ததும் தொடர்வது பெண்கள் களத்திற்கு வந்து அழும் பர்வம். பதினெட்டில் அது பதினோராவது. வென்றோர் முடிசூடுவதற்கு முன்பே அழுகைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது.

ஏட்டிலிருந்து எமது தோட்டங்களுக்கு வருவோம். மாசியிலே கம்பம் ஊன்றிக் காமன் கூத்து ஆடுகிறோம். சிவனின் நெற்றிக் கண்ணால் காமன் எரிந்துபோன பின் இரதி அழும் பகுதிதான் அக்கூத்தின் உயிர். எரித்தது கடவுள், அதனால் எரிந்தவனுக்காக அழக்கூடாது என்று எந்த லயத்திலும் எவரும் சொன்னதில்லை. இரதி வேடம் பூண்ட இளைஞன் புலம்பும்போது, பகலெல்லாம் கொழுந்துக் கூடை சுமந்த பெண்கள் தம் சொந்தச் சாவுகளையெல்லாம் சேர்த்து அழுகின்றனர். பொன்னர் சங்கரிலே படுகளம் உண்டு. அண்ணன்மார் வீழ்ந்து கிடக்கத் தங்கை தங்காள் களத்துக்கு வந்து ஒப்பாரி வைத்து அவர்களை எழுப்புகிறாள். உடன்பிறந்தானைத் தேடிக் களம் புகும் பெண் ராஜி மட்டுமல்லள் என்பதைப் பிள்ளைகளுக்கு இதைக்கொண்டு விளக்கினோம். தங்காள் கையிலே சூலமில்லை. அழுகையே அவள் கருவி என்று சற்றுப் பெருமிதத்துடனேயே சொன்னோம்.

அப்போதுதான் முன்னே வந்து ஆடிய அதே மாணவி எழுந்தாள். "சேர், பொன்னர் சங்கர்ல வேட்டுவனுங்களும் சாகுறாங்கதானே? அவனுங்களுக்கு யாரு அழுதா?"

வகுப்பு அமைதியாயிற்று. எமக்கும் உடனே சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. ஆம், நாம் கண்ட கூத்துகளில் வேட்டுவருக்கு ஒப்பாரி இல்லை. பழைய கலைக்கு இரக்கமும் புதிய இயந்திரத்துக்குக் கொடுமையும் என்று நாம் கட்டியெழுப்பிய எளிய பாகுபாடு அந்த ஒரு கேள்வியிலே சரிந்தது. எவருக்கு அழலாம், எவருக்கு அழவேண்டியதில்லை என்று வகுப்பது கணினியின் கண்டுபிடிப்பன்று. கூத்தும் புராணமும் வகுத்த கோட்டின்மீதுதான் கணினி ஓடுகிறது. வேறுபாடு ஒன்று உண்டு: கூத்திலே ஒப்பாரிக்கு இடம் இருக்கிறது, அதை வேட்டுவருக்கும் நீட்டலாம் என்று ஒரு மாணவி கேட்க முடிகிறது. முன்னோட்டத்தில் அந்த இடமே கிடையாது.

'அசுரன்' என்பது வெறும் கற்பனைப் பெயர்தானே, அதில் என்ன கேடு என்று கேட்பவருண்டு. இந்தியாவின் சார்க்கண்ட் மாநிலத்தில் 'அசுர்' என்றே அழைக்கப்படும் பழங்குடியினர் இன்றும் வாழ்கின்றனர். தலைமுறை தலைமுறையாக இரும்பு உருக்கும் தொழிலறிந்தவர்கள். மகிடாசுரனைத் தம் மூதாதையென்று கருதுபவர்கள் அவர்களிடையே உளர். ஊரெல்லாம் துர்க்கை பூசை கொண்டாடும் நாட்களில் அவர்கள் வீட்டினுள்ளே துக்கம் காக்கின்றனர். அவர்களுள் சில குடும்பங்கள் வட வங்காளத்திலே குடியேறின. என்ன வேலைக்கு? தேயிலைத் தோட்ட வேலைக்கு. இதை முதன்முதலாக அறிந்தபோது நாம் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் இருந்தோம். துர்க்கையின் சூலத்துக்கு இரையான அசுரனின் பேரப்பிள்ளை என்று தன்னை எண்ணும் ஒருத்தி, எமது தாய்மாரைப் போலவே கொழுந்து கிள்ளிக்கொண்டிருக்கிறாள். ஆட்டத்திலே சூலத்தைச் சுழற்றிய எம் கைக்கு அவள் எவ்வளவு தூரம்?

அந்தக் கோட்டுக்கு அப்பால் நிறுத்தப்படுவது எப்படியிருக்கும் என்பதை எம்மவர்க்குப் புத்தகம் சொல்லவேண்டியதில்லை. 'வெளியிலிருந்து படையெடுத்து வந்தவர்' என்ற கதை எமக்கும் கட்டப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எமது மக்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் போயிற்று. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை அங்கும் மூன்று இலட்சம் பேரை இங்கும் எனப் பங்கிட்டது. இங்கும் 'பேர்'தான், பெயரில்லை. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் எஞ்சியோரின் கணக்கு ஒருவாறு தீர்ந்தது. 'கள்ளத்தோணி' என்ற வசைச்சொல்லோ எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாமல் நெடுங்காலம் உலவியது.

நுவரெலியாவைப் போலன்றிச் சப்ரகமுவத்திலே தோட்டமும் சிங்களக் கிராமமும் ஒன்றையொன்று ஊடறுத்துக் கிடக்கின்றன. ஒரே கடை, ஒரே ஆறு, ஒரே பேருந்து. 1983 ஆடியிலே எமது அம்மாயி இருந்த லயத்துக்கு ஓர் இரவு கூட்டம் வந்தது. அம்மாயி சொன்னதில் ஒன்று எம்மை விட்டு அகலவில்லை. வந்தவர்களிலே சிலரை அவருக்குத் தெரியும். அவர்கள் கடையில் அவரைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசியவர்கள். அன்றிரவு அவர்கள் வாயிலே பெயர் இல்லை. 'தெமளு' என்ற ஒரு சொல்தான் இருந்தது. அவரையும் பிள்ளைகளையும் தன் வீட்டுப் பின்கட்டிலே மறைத்து வைத்தவரும் ஒரு கிராமத்துச் சிங்களப் பெண்மணியே. அவர் காட்டுக்குள் நின்று அம்மாயியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் இவர்கள் வெளியே வந்தனர்.

அதனால் புனேக் குழுவினரும் அந்தக் கூட்டத்தினரும் ஒன்று என்று எவரும் பொருள்கொள்ள வேண்டா, அது அநியாயம். ஓவியம் தீட்டுபவனும் தீ வைப்பவனும் ஒன்றல்லர். ஆனால் பெயரைக் கழற்றிவிட்டுத் தொகையாகக் காணும் அந்தப் பழக்கம் மனிதனுக்கு எவ்வளவு எளிதாகக் கைவருகிறது, அதோடு எத்தனை இன்பமாகவும் இருக்கிறது என்பதை அந்தச் சில நிமிடங்களிலே எமது விரல்கள் எமக்கே காட்டின. அம்மாயியின் பேரன் விரல்கள்!

கணினி விளையாட்டால் வேறு விதமாக இருக்கவே முடியாது என்று சொல்வோமானால் அது அறியாமை. 2014 ஆம் ஆண்டில் போலந்து நாட்டுக் குழு ஒன்று 'திஸ் வார் ஆஃப் மைன்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. சரயேவோ முற்றுகையை நினைவிற்கொண்டு ஆக்கப்பட்டது. அதில் நாம் வீரரல்லர்; முற்றுகையிடப்பட்ட நகரிலே உணவு தேடி அலையும் குடிமக்கள். பசிக்காக ஒரு முதியவரின் வீட்டிலே திருடினாலோ, ஒருவரைக் கொன்றாலோ, செய்தவர் மனம் உடைந்து உண்ண மறுத்து ஒடுங்கிப்போகிறார். 2020 இல் போலந்து அரசு அவ்வாட்டத்தைப் பாடசாலைப் பரிந்துரை நூல்களோடு சேர்ப்பதாக அறிவித்தது. ஆகவே கருவியிலே குறையில்லை. சிலப்பதிகாரத்தை ஒரு குழு ஆட்டமாக்கினால் மதுரையை எரிப்பதோடு நிறுத்துமா, எரிந்தோரின் வீடுகளுக்குள்ளும் எம்மை நடக்க விடுமா என்று எண்ணிப் பார்க்கிறோம்.

மழை விட்டது. பழைய மாணவன் கணினியை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். மறுநாள் தமிழ் வகுப்பிலே பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தோம்: வீழ்ந்த அசுரனின் தங்கை களத்துக்கு வந்து பாடும் ஒப்பாரியை எழுதுக. ஒப்பாரி எமது பிள்ளைகளுக்குப் புதிதன்று. ஆறு வயதுக்குள் பத்துச் சாவு வீட்டிலாவது கேட்டிருப்பார்கள். எழுதத் தொடங்கியவர்கள் முதலடியிலேயே நின்றுவிட்டனர். ஒப்பாரி அண்ணனைப் பெயர் சொல்லி அழைத்தல்லவா தொடங்கவேண்டும்?

"அவன் பேரு என்ன சேர்?" என்று நாலா பக்கமிருந்தும் கேட்டார்கள்.

நீங்களே வையுங்கள் என்றோம். சிலர் புராணப் பெயர்களைத் தேடினர். சிலர் தத்தம் அண்ணன்மாரின் பெயரையே எழுதிவிட்டு, அமங்கலம் என்று பயந்து அழித்தனர். வேட்டுவரைப் பற்றிக் கேட்ட மாணவி நெடுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். மணியடித்தபோது அவள் தாளில் ஒரு பெயரும் இரண்டு வரிகளும் மட்டுமே இருந்தன. மீதியை வீட்டில் முடித்து வருவதாகச் சொன்னாள். முப்பத்திரண்டு தாள்கள் எமது மேசைமீது இருக்கின்றன. தவணை தொடங்குமுன் திருத்திக் கொடுக்க வேண்டும்.